விட்பியிலிருந்து ராபின் ஹுட்ஸ் பே வரை: கடலோர ஓங்கலின் மேல் ஒரு நாள் நடை – முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் வடகிழக்கே, யார்க்‌ஷர் கடற்கரையில் இருக்கிறது விட்பி துறைமுகம். அங்கிருந்து தெற்கே சுமார் 11 கிலோமீட்டர், கடலோர ஓங்கலின் (செங்குத்தான பாறைச் சுவரின்) உச்சியிலேயே நடந்தால் ராபின் ஹுட்ஸ் பே என்கிற மீனவ ஊர் வரும். வேகமாக நடப்பவர்களுக்கு மூன்றரை மணி நேரம், நின்று பார்த்துப் போகிறவர்களுக்கு ஐந்து மணி நேரம். மலையேற்றப் பயிற்சி எதுவும் வேண்டாம். ஏறி இறங்கத் தயங்காத கால்கள் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஓங்கல் இடிந்துகொண்டே இருக்கிறது. பாதை, கல்லறைத் தோட்டம், கடைசியில் வரும் ஊர் எல்லாமே கடல் தின்றது போக மீந்தவை. ஏன் இடிகிறது, எப்படி இடிகிறது என்று தெரிந்துகொண்டு நடந்தால் ஆபத்தில் மாட்டமாட்டீர்கள். வழியில் பார்ப்பதும் புரியும். அதனால் எங்கே திரும்ப வேண்டும் என்பதைவிட எதன் மேல் நடக்கிறீர்கள் என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். திரும்பும் இடங்கள் எப்படியும் குறைவு: போகும் வழி முழுக்க கடல் உங்கள் இடது கைப்பக்கம் இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

கிளம்பும் முன்

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரைகூட வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அப்போது போவதானால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். கோடையிலும் திடீரென்று கடலிலிருந்து ஒரு மூடுபனி ஏறி வரும். ஊர்க்காரர்கள் அதை 'ஃப்ரெட்' என்பார்கள். பத்து நிமிடத்தில் வெயில் போய் உடம்பு சில்லிட்டுவிடும். வானிலை அறிக்கை வெயில் என்று சொன்னாலும் ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பையில் இருக்கட்டும்.

காலுக்கு, நல்ல பிடிமானம் உள்ள ஷூ. மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் இந்தப் பாதையில் களிமண் வழுக்கும், அதுவும் ஓடைச் சரிவுகளில். செருப்போ சாதாரண கேன்வாஸ் ஷூவோ வேண்டாம். சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள், நடுவில் கடை இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் கையும் அதிகம் அழுக்காகாது, ஆறினாலும் ருசி போகாது.

அப்புறம், விட்பிக்கான கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடை முழுவதும் மேலேதான் என்றாலும், முடிவில் ராபின் ஹுட்ஸ் பே கடற்கரையைப் பார்க்க வேண்டுமானால் கடல் வற்றியிருக்க வேண்டும். ஏறிய கடல் வற்ற ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். பிற்பகலில் கடல் வற்றும் நாளாகத் தேர்ந்தெடுத்தால் நடை முடியும்போது கரை திறந்திருக்கும்.

படி 1: விட்பிக்கு வருவது

லண்டனிலிருந்து வருபவர்கள் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் யார்க் நகருக்குச் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மால்டன், பிக்கரிங் வழியாக விட்பிக்குப் பேருந்து உண்டு. மலைப்புல்வெளிகளைக் குறுக்கே கடந்துபோகும் அழகான வழி. மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியே வரும் சிறு ரயிலும் உண்டு, ஒன்றரை மணி நேரம். காரில் வருபவர்கள் காரை விட்பியிலேயே நிறுத்திவிட்டு, நடை முடிந்ததும் பேருந்தில் திரும்பலாம். லண்டனிலிருந்து ஒரே நாளில் வந்து நடந்து திரும்ப நினைக்காதீர்கள். ஓர் இரவு தங்கினால்தான் அவசரமில்லாமல் நடக்க முடியும்.

படி 2: 199 படிகள்

விட்பியை எஸ்க் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. நடை கிழக்குக் கரையில் தொடங்குகிறது. சர்ச் தெரு முடியும் இடத்தில் 199 கற்படிகள் மேலே ஏறும். ஏறும் முன் பக்கத்திலுள்ள ஹென்ரியட்டா தெருவில் நாலு எட்டு வைத்தால் புகை வாசனை வரும்: 1872 முதல் ஒரு குடும்பம் ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்பிட்டு, மரப்புகையில் வாட்டி விற்கும் கடை. கிப்பர் என்று பெயர்.

படிகளின் இடையிடையே அகலமான இடங்கள் வரும். மேலே உள்ள செயின்ட் மேரி தேவாலயத்துக்குச் சவப்பெட்டி தூக்கிப் போனவர்கள் அங்கே இறக்கிவைத்து இளைப்பாறுவார்கள். உச்சியில் ஒரு கற்சிலுவை, 1898-ல் நட்டது. ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞரான கேட்மனுக்கு எழுப்பியது. அவர் ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து மடத்தில் மாடு மேய்த்தவர்.

கல்லறைத் தோட்டத்தில் சற்று நின்று கற்களைப் பாருங்கள். உப்புக்காற்று தின்று எழுத்தே இல்லாமல் போன கற்கள் வரிசையாக நிற்கின்றன. 2012-13 குளிர்காலத்தில் பெய்த கடும் மழையில் இந்தத் தோட்டத்தின் விளிம்பு சரிந்து, பழைய எலும்புகள் வெளியே தெரிந்தன. இந்தக் கரை எப்படி இடிகிறது என்பதை இங்கிருந்தே புரிந்துகொள்ளலாம். ஓங்கலின் அடியில் ஷேல் என்கிற களிப்பாறை, சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜுராசிக் காலக் கடலடியில் படிந்த சேறு. அதற்குமேல் மணற்கல். எல்லாவற்றுக்கும் மேலே கடைசிப் பனியுகத்தில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய களிமண். அலை அடியில் குடைகிறது, மழை மேலே களிமண்ணை ஊறவைக்கிறது. இரண்டு பக்கமும் அடி வாங்கும் சுவர் எத்தனை நாள் நிற்கும்?

இதிலிருந்து நடப்பவருக்கு மூன்று விதிகள். விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளியே நடங்கள். விளிம்பில் பச்சையாகத் தெரியும் புல்லுக்கு அடியில் சில இடங்களில் மண்ணே இருக்காது. பெருமழைக்கு அடுத்த நாட்களில் இன்னும் தள்ளி நடங்கள். போனில் இறக்கிய பழைய வரைபடத்தையும் நேரில் இருக்கும் வேலியையும் ஒப்பிட்டு இரண்டும் வேறாக இருந்தால், வேலியை நம்புங்கள். பாதையைப் பலமுறை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வரைபடம் காட்டும் கோடு இன்று வெறும் காற்றில் இருக்கலாம்.

படி 3: மடத்தைத் தாண்டி விளிம்புக்கு

தேவாலயத்துக்குப் பின்னால் விட்பி மடத்தின் இடிபாடு. 657-ல் ஹில்ட் என்ற பெண் துறவி தலைமையில் தொடங்கிய மடம் இது. 664-ல் இங்கிலாந்தின் கிறித்தவர்கள் ஈஸ்டர் நாளை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவுசெய்ய இங்கேதான் கூடினார்கள். இன்று தெரிவது பிற்காலத்தில் கட்டியது. எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தைக் கலைத்தார்கள். 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்ட குண்டுகளும் இதைத் தாக்கின. உள்ளே போகக் கட்டணம் உண்டு, ஒரு மணி நேரமாவது வேண்டும். நடை நாளில் வெளியிலிருந்து பார்த்துவிட்டு மறுநாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஹில்டைப் பற்றி ஒரு கதை உண்டு: இந்த இடத்தில் நிறைந்திருந்த பாம்புகளை அவர் கல்லாக மாற்றினாராம். அந்தக் 'கல் பாம்புகள்' உண்மையில் அம்மோனைட் என்னும் கடல் உயிரியின் புதைபடிவங்கள். விட்பி நகரச் சின்னத்திலேயே மூன்று இருக்கின்றன. நம் வீட்டுப் பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் படிவம்தான், நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருவது. அங்கே விஷ்ணுவின் சக்கரம், இங்கே தலையில்லாத பாம்பு. அம்மோனைட்டில் ஒரு வகைக்கு அறிவியலாளர்கள் ஹில்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மடத்தின் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, ஓக் கொட்டைச் சின்னம் உள்ள பலகையைத் தேடுங்கள். அதுதான் கிளீவ்லண்ட் வே பாதையின் அடையாளம். ஹெல்ம்ஸ்லியிலிருந்து ஃபைலி வரை 177 கிலோமீட்டர் போகும் இந்தத் தேசியப் பாதையை 1969-ல் திறந்தார்கள். இன்று நீங்கள் நடப்பது அதில் ஒரு துண்டு. இனி கடைசிவரை அந்த ஓக் கொட்டையே வழிகாட்டும்.

படி 4: சால்ட்விக்

முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் கடலுக்குள் கருப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு தெரியும்: சால்ட்விக் நேப். அதையடுத்துச் சிறு விரிகுடா, அதன் மறுமுனையில் தனியாக நிற்கும் பிளாக் நேப் பாறை.

சால்ட்விக் நேப் இப்படிக் குதறிய மாதிரி இருப்பதற்குக் கடல் மட்டும் காரணமில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே படிகாரம் எடுத்தார்கள். நம் ஊரில் சவரம் செய்த முகத்தில் தேய்க்கவும் திருஷ்டிக்கு வாசலில் கட்டவும் வைத்திருக்கும் அதே படிகாரம்தான். அந்தக் காலத்தில் துணியில் சாயம் ஒட்ட அது இல்லாமல் முடியாது. ஷேலை வெட்டிச் சுள்ளிகளின் மேல் மலையாகக் குவித்து, மாதக்கணக்கில் புகையவிடுவார்கள். சுட்ட கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் கரைசலைக் காய்ச்சி, அதில் கடற்பாசிச் சாம்பலோ மனித மூத்திரமோ சேர்ப்பார்கள். மூத்திரத்திலுள்ள அம்மோனியா படிகாரத்தைப் படிகமாக இறங்கச் செய்யும். ஊரில் கிடைத்தது போதாமல் லண்டனிலிருந்தும் நியூகாசிலிலிருந்தும் பீப்பாய்களில் கப்பலேற்றி வரவழைத்தார்கள். கரைசல் பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கோழிமுட்டையைப் போடுவார்களாம், மிதந்தால் சரி. இந்தக் கரையில் மனிதர்கள் வெட்டிக்கொண்டு போன ஓங்கலும் நிறையவே உண்டு.

இதே பாறைகளில்தான் 1914 அக்டோபர் 30 அதிகாலையில் ரோஹில்லா என்ற மருத்துவக் கப்பல் மோதியது. கப்பலில் 229 பேர். கரையில் நின்றவர்கள் கண்ணுக்கு எட்டும் தூரம்தான், ஆனால் அலையைத் தாண்டிப் போக முடியவில்லை. துடுப்புப் படகுகள் சிலரை மீட்டன. அதற்குமேல் அவற்றால் நெருங்க முடியாத நிலையில், டைன்மவுத்திலிருந்து இரவோடு இரவாக வந்த மோட்டார் மீட்புப் படகு மூன்றாம் நாள் காலையில் மிச்சமிருந்த 50 பேரைக் கரை சேர்த்தது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோட்டார் படகை நம்பாமல் இருந்த மீட்புப் படகுக்காரர்கள் பலர் அதன் பிறகுதான் மனம் மாறினார்கள்.

பிளாக் நேப் அருகே கடல் வற்றிய நேரத்தில் துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள் தெரிந்தால், அது 1976-ல் மோதிய அட்மிரல் வான் டிராம்ப் என்ற மீன்பிடிக் கப்பலின் மிச்சம்.

கீழே இறங்கும் வழி உண்டு. கடல் இறங்கிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஓங்கலின் அடியை ஒட்டி உட்காராதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் கல் விழும். விட்பியிலிருந்து சால்ட்விக் வரை கீழே கரையோரமாகவே நடந்து வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடல் ஏறும்போது பின்னால் செங்குத்துச் சுவர், முன்னால் தண்ணீர் என்று மாட்டிக்கொண்டவர்களை மீட்புப் படகு பலமுறை தூக்கி வந்திருக்கிறது. யாராவது மாட்டியிருப்பதைக் கண்டால் 999 அழைத்து 'கோஸ்ட்கார்ட்' என்று கேளுங்கள். நீங்கள் இறங்கிப் போகாதீர்கள்.

கரையில் கருப்பாக, கல்லை விட லேசாக ஏதாவது கிடைத்தால் அது ஜெட்டாக இருக்கலாம். பழங்கால மரம் கடலடியில் அழுந்தி உருவான பொருள் அது. மெருகேற்றாத பீங்கானில் உரசினால் பழுப்புக் கோடு விழும்; நிலக்கரி என்றால் கருப்புக் கோடு. 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா ராணி ஜெட் நகை அணிய, அது துக்கத்தின் நாகரிகமாகி, விட்பியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. தரையில் கிடப்பதைப் பொறுக்கலாம். ஓங்கலைத் தோண்ட மட்டும் கூடாது.

படி 5: சங்கும் விளக்கும்

கேரவன் பூங்காவின் நடுவே போகும் பாதையைக் கடந்து மறுபடி விளிம்புக்கு வந்தால், மூடுபனிச் சங்கு இருந்த கட்டடம். அதன் ஒலிக்கு ஹாஸ்கர் காளை என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அது ஊதுவதில்லை. சற்றுத் தள்ளி வெள்ளைக் கலங்கரை விளக்கம், 1858-ல் கட்டியது. அப்போது இங்கே இரண்டு கோபுரங்கள் இருந்தன. ஒன்றை 1890-ல் நிறுத்திவிட்டார்கள். கலங்கரை விளக்க வளாகத்துக்குள் பாதை போகாது, வேலியை ஒட்டிச் சுற்றிப் போக வேண்டும். சாப்பிட உட்கார இதைத் தாண்டியுள்ள புல்வெளி நல்ல இடம். ஓங்கல் பக்கம் ஃபுல்மார் பறவைகள் இறக்கையை அசைக்காமல் காற்றிலேயே தொங்குவதைப் பார்க்கலாம். கூடு இருக்கும் இடத்தை எட்டிப் பார்த்தால் நாற்றமெடுக்கும் எண்ணெயைக் கக்கும், அதற்காகவும் விளிம்புக்குப் போகவேண்டாம்.

படி 6: ஓடைகள்

நடையில் கால் வலிக்கும் பகுதி இதுதான். உள்ளிருந்து கடலுக்கு ஓடும் சிற்றோடைகள் ஓங்கலை வெட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படி இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். அவசரப்படாமல், இறங்கும்போது குறிப்பாக, அடி பார்த்து வையுங்கள். மா வைக் ஹோல் என்ற இடத்தில் வலப்புறமிருந்து இன்னொரு பாதை வந்து சேரும். நடைவழி நூல்கள் எழுதிய ஆல்பிரட் வெயின்ரைட் 1973-ல் வகுத்த கோஸ்ட் டு கோஸ்ட் பாதை அது. மேற்குக் கடற்கரையில் செயின்ட் பீஸ் ஊரில் தொடங்கி 300 கிலோமீட்டருக்குமேல் நடந்து வருபவர்கள் இங்கேதான் உங்களோடு சேர்வார்கள். நொண்டியபடி, முகமெல்லாம் சிரிப்பாக ஒருவர் வந்தால் வாழ்த்துச் சொல்லுங்கள், அவருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர்தான்.

படி 7: ராக்கெட் கம்பம், பிறகு ஊர்

நெஸ் முனையைச் சுற்றித் திரும்பியதும் விரிகுடா முழுதாகத் திறக்கும். மறுகோடியில் ரேவன்ஸ்கார் உச்சி தெரியும். கொஞ்ச தூரத்தில் ஒரு புல்வெளியில் கப்பல் பாய்மரம் மாதிரி ஒரு கம்பம் நிற்கும். கரையிலிருந்து ராக்கெட்டில் கயிற்றைக் கட்டி, உடைந்துகொண்டிருக்கும் கப்பலின் பாய்மரத்துக்குச் சுட்டு, அந்தக் கயிற்றில் கால்சட்டை தைத்த மிதவை வளையத்தை ஓடவிட்டு ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்ப்பார்கள். அதற்குப் பயிற்சி எடுத்த இடம் இது.

பாதை ஊரின் மேல்பகுதிக்கு வந்து, சாலையில் இடப்பக்கம் திரும்பிச் செங்குத்தாக இறங்கும். மேல் ஊர் புதியது. நீங்கள் பார்க்க வந்தது கீழே.

படி 8: பே

ஊர்க்காரர்களுக்கு இது வெறும் 'பே', அதாவது விரிகுடா. வில்லாளி ராபின் ஹுட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருந்ததற்குச் சான்று கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் ஜான் லேலண்ட் என்ற பயணி இதை 20 படகுகள் உள்ள மீனவக் குப்பம் என்று குறித்துவைத்தார். கோபிள் என்கிற படகுதான் இங்கே புழங்கியது. துறைமுகம் கிடையாது என்பதால் மணலிலிருந்தே தள்ளி இறக்கவும், திரும்ப மணலில் ஏற்றவும் ஏற்றபடி முன்பக்கம் உயர்ந்தும் பின்பக்கம் தட்டையாகவும் இருக்கும். நண்டும் சிங்கி இறாலும் இன்றும் கிடைக்கும்.

வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. நடுவே ஆள் அகலச் சந்துகள். பெரிய தெருவிலேயே இறங்கிவிடாமல் ஒரு சந்துக்குள் நுழைந்து வழி தவறுங்கள், எப்படிப் போனாலும் கடலில்தான் போய் முடியும். 18-ஆம் நூற்றாண்டில் தேயிலை, பிராந்தி, புகையிலைக்குப் பெரிய வரி இருந்தபோது இந்த ஊரே கடத்தலில் இருந்தது. கரையில் இறக்கிய பட்டுப் பொதி வெளிச்சத்தையே பார்க்காமல் வீட்டுக்கு வீடு கைமாறி மலை உச்சிக்குப் போய்விடும் என்று சொல்வார்கள். ஊருக்கு அடியிலேயே ஓடும் ஓடையின் சுரங்கவாய் கரையில் தெரியும்.

ஊர் இதைவிடப் பெரியதாக இருந்தது. 1780-ல் பிரதான தெருவான கிங் தெருவின் ஒரு பகுதி 22 வீடுகளோடு கடலில் சரிந்தது. நீங்கள் இப்போது இறங்கிவந்த தெரு அதன் பிறகு போட்டது, அதனால்தான் பெயர் நியூ ரோடு. 1975-ல் முடித்த உயரமான கடற்சுவர்தான் மீதியைத் தாங்கி நிற்கிறது.

1881 ஜனவரி 18-ஆம் நாள் நடந்ததை இந்த இறக்கத்தில் நின்றபடி நினைத்துப் பாருங்கள். கடும் பனிப்புயல். விசிட்டர் என்ற பாய்மரக் கப்பல் மூழ்கிக்கொண்டிருக்க, அதன் ஆறு மாலுமிகளும் ஒரு சிறு படகில் இறங்கிவிட்டார்கள். இந்த ஊரில் இருந்த மீட்புப் படகு கடலுக்குப் போகும் நிலையில் இல்லை. விட்பிக்குத் தந்தி போனது. கடல்வழி வர முடியாததால், விட்பிக்காரர்கள் தங்கள் மீட்புப் படகைத் தரைவழியாக இழுக்கத் தொடங்கினார்கள்: சுமார் 10 கிலோமீட்டர், 18 குதிரைகள், இருநூறு பேர் அளவில், ஆள் உயரப் பனிக்குவியலை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டே. பே பக்கமிருந்தும் மக்கள் வெட்டிக்கொண்டு எதிரே போனார்கள். பிறகு இந்தச் செங்குத்துத் தெருவில் கயிறு கட்டிப் படகை இறக்கினார்கள். முதல் முறை கடலில் இறங்கியபோது அலை துடுப்புகளை முறித்தது, திரும்பி வந்தார்கள். இரண்டாம் முறை அதிக ஆட்களோடு போய் ஆறு பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

கடல் வற்றியிருந்தால் படகுத்துறைச் சரிவில் இறங்குங்கள். பெரிய பெரிய வில் வளைவுகளாகப் பாறை வரிகள் கடலுக்குள் போகும். கவிழ்ந்த கிண்ணம் போல மேடாக மடிந்த பாறை அடுக்கின் தலையைக் கடல் சீவியதால் வந்த வடிவம். குட்டைகளில் நண்டு, கடல்சாமந்தி, நத்தை எல்லாம் இருக்கும். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் செத்துவிடும். கோஸ்ட் டு கோஸ்ட் முடித்தவர்கள் மேற்குக் கரையிலிருந்து சட்டைப்பையில் கொண்டுவந்த கூழாங்கல்லை இங்கே எறிவதையும் பார்க்கலாம். தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள்.

படி 9: திரும்புவது

ஸ்கார்பரோ, விட்பி இடையே ஓடும் எக்ஸ் 93 பேருந்து மேல் ஊரில் நிற்கும். கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள், குளிர்காலத்தில் நேரம் மாறும். கீழிருந்து நிறுத்தத்துக்கு ஏற இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

காலில் இன்னும் தெம்பிருந்தால் சிண்டர் டிராக் வழியே நடந்தும் திரும்பலாம். 1885-ல் ஓடத் தொடங்கி 1965-ல் நின்றுபோன ரயிலின் பாதை அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். சுமார் 10 கிலோமீட்டர், ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது. விட்பிக்குள் நுழையும்போது எஸ்க் ஆற்றுக்குமேல் 13 வளைவுகள் கொண்ட லார்ப்பூல் செங்கல் பாலத்தைக் கடப்பீர்கள். அதன் நடுவில் நின்று வடக்கே பார்த்தால், காலையில் தாண்டி வந்த மடம் ஆற்றின் வலப்பக்க உச்சியில் தெரியும்.